புத்தம் புதிய காவியம்

போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது தியேட்டர் ஆப்பரேட்டர் அறையில் ஒரே சண்டை. இப்போது வருகிற படங்கள்தான் படங்கள், முன்பு வந்ததெல்லாம் நாடகத்தைப் படம் பிடித்தது என்றார் ஒருவர். இப்போது வருவது படமே இல்லை, மேடைப் பேச்சுக்கு நடுவில் நாலு பாட்டு என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லாருமாக என் பக்கம் திரும்பினீர்கள். "நீங்க சொல்லுங்கண்ணே. நோட்டீசு நோட்டீசா காவியம் காவியம்னு எழுதினவரு நீங்கதானே? இந்தக் காலத்துப் படம் எதையாவது நெஜமா அப்பிடிச் சொல்லலாமா?"

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். ஆறிப்போன பிறகும் ஊதிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் பதிலை மனசுக்குள் வைத்துக்கொண்டு பிகு பண்ணுகிறார் என்று நினைத்திருப்பீர்கள். பதில் எனக்குத் தெரியாது. ஐம்பது வயதைத் தொடுவதற்குள் தொழிலை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். யோசிக்க நேரம் நிறைய. யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் தெளிவாகிறது. என்னிடம் இருப்பது, கொட்டகையில் கழிந்த ஒரு வாரம். அதை எழுதித் தருகிறேன். உங்களுக்கு ஏதாவது புரிந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

திருவொற்றியூருக்குத் தெற்கே, ரயில் பாதை தாண்டிக் கிழக்கே போனால் மணல். அந்த மணலில் எங்கள் டெண்ட் கொட்டகை. ஒரு பக்கம் ஆலைச் சங்கு, மறு பக்கம் அலை. கதாநாயகி மெல்லப் பேசினால் அவளுக்குப் பதிலாகக் கடல் பேசிவிடும். மெஷின் ஒன்றே ஒன்று. ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். அந்த வெளிச்சத்தில் ஜனம் கதாநாயகனை விசாரணை செய்து, தண்டனையும் கொடுத்து, இருட்டினதும் மன்னித்துவிடும். நான் மேனேஜர். நோட்டீஸ் எழுதுவதும் நான், ஜட்கா வண்டியில் தமுக்கோடு போய் அதைக் கத்துவதும் நான்.

முதலாளி வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரி. எல்லாருக்கும் சாயபு. சாமி படம் வந்தால் திரைக்கு முன்னால் தேங்காய் உடைக்கத் தானே கல் போட்டு வைப்பார். கற்பூரம் கொளுத்துகிறவர்களுக்காகப் பக்கத்திலேயே ஒரு வாளி தண்ணீர். ஜனம் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது இவர் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் படங்களுக்குக் காவியம் என்று எழுதும்போது என் கை தயங்கியதில்லை. கற்பூரம் எரிகிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்? பிறகு கோட்டும் சூட்டும் போட்ட சமூகப் படங்கள் வந்தன. தேங்காய்க் கல்லில் ஜனம் பீடி நெருப்பை அணைத்தது.

"இதுக்கும் காவியம்னே போடறதா மொதலாளி?"

"போடு தம்பி. ஜனம் அழுதா காவியம். சிரிச்சா தமாஷ் காவியம்."

"தூங்கினா?"

"தூங்கறவன் நோட்டீசு படிக்க மாட்டான். போடு."

அப்படித்தான் அந்தப் படத்துக்கும் போட்டேன். 'புத்தம் புதிய நவீன சமூகக் காவியம்.' பட்டணத்தில் வெளியாகி, சுருக்காகவே எங்கள் பக்கம் வந்துவிட்ட படம். ஏன் சுருக்காக வந்தது என்பது முதல் ரீலிலேயே தெரிந்தது. படித்த பையன் ஒருவன், பணக்காரப் பெண் ஒருத்தி, இரண்டு பேரும் கூட்டத்தில் பேசுவது போல ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். ஐந்தாவது ரீலில் அந்தப் பெண் மனம் உடைந்து கடற்கரைக்கு வருகிறாள். அவள் துக்கத்துக்குத் துணையாகத் தூரத்தில் சில மீனவர்கள் கரைவலை இழுக்கிறார்கள். வடத்தைத் தோளில் போட்டு, மணலில் குதிகாலை ஊன்றி, பின்னாலே பின்னாலே நடக்கிறார்கள். ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் காட்சி முடிந்துவிடும்.

முதல் நாள் முதல் ஆட்டத்தில் அந்த இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அலறல். தேள் கொட்டிவிட்டதென்று விளக்கைப் போடச் சொன்னேன். பக்கத்துக் குப்பத்துச் செங்கேணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மீன் விற்கிறவள், கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே வந்திருந்தாள்.

"அவரு கீறாரு! அங்க கீறாரு! வடம் இஸ்துகினு கீறாரு!"

அவள் புருஷன் எல்லப்பன் முந்தின வருஷப் புயலில் கட்டுமரத்தோடு போனவன். கூடப் போன இரண்டு பேரை எண்ணூர்ப் பக்கம் அலை கொண்டுவந்து போட்டது. இவன் வரவில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் மாமனார்க் கிழவர் பேதியில் போயிருந்தார். உடம்பு கிடைக்காதவனுக்கு அந்தக் குப்பத்தில் ஒரு வருஷம் காத்திருப்பார்கள். பிறகு கரையில் சடங்கு செய்து, பெண்டாட்டியின் தாலியை வாங்கி, தண்ணீரில் விடுவார்கள். வருஷம் முடிந்திருந்தது. அவள் கழுத்தைக் கொடுக்காமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் என் வண்டி தமுக்கடித்துக்கொண்டு குப்பத்துக்குள் போயிருக்கிறது.

மறுநாள் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தாள்.

"நைனா, இது புதுப் படம்தானே? புத்தம் புதுசுன்னு நீதானே கத்திக்கினு போன?"

"ஆமாம்மா."

"அப்ப இப்பதான புடிச்சிருப்பாங்க? போன வருசம் போனவரு இந்த வருசம் படத்துல கீறாருன்னா, எங்கியோ கரை ஏறிட்டாருன்னுதான அர்த்தம்?"

நான் எழுதின எத்தனையோ நோட்டீஸ்களில் 'காவியம்' என்ற சொல்லுக்கு ஒருவர்கூட என்னை விளக்கம் கேட்டதில்லை. 'புத்தம் புதிய' என்பதற்கு அவள் கேட்டாள். விரலால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உயிரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தம்பிகளே, சொல் எங்கே போய் விழும் என்று எழுதுகிறவனுக்குத் தெரிவதில்லை.

படப் பெட்டியோடு கம்பெனி ஆள் ஒருவர் வந்து தங்கியிருந்தார். அவரைப் பிடித்தேன். அந்தக் கடற்கரை எந்தக் கடற்கரை, எப்போது எடுத்தது?

"யாருக்கு சார் தெரியும்? படம் ரெண்டு மூணு வருஷம் இழுத்துது. பணம் வந்தா எடுப்பாங்க, வரலேன்னா படுத்துடும். கடலெல்லாம் வேற எவனோ எடுத்து வச்சிருந்ததை வாங்கி ஒட்டினதுன்னும் சொல்லிக்கறாங்க. போன மாசம் எடுத்ததுன்னும் சொல்றாங்க. கடல்தானே சார், எல்லா வருஷமும் ஒரே மாதிரிதானே இருக்கு."

அதை அப்படியே செங்கேணியிடம் சொன்னேன். "புதுப் படம்னா புதுசா வெளியானதும்மா. எடுத்தது எப்பவோ இருக்கலாம்."

"அப்ப ஏன் புதுசுன்னு போட்ட?"

இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

தினமும் வந்தாள். தரை டிக்கெட். திரைக்கு முன்னால் மணலில் உட்காருவாள். நாலு ரீலுக்கும் தலையைக் குனிந்துகொண்டு மணலை அளைவாள். ஐந்தாவது ரீலுக்கு நிமிருவாள். பார்த்ததும் எழுந்து போய்விடுவாள். கதை அவளுக்குத் தெரியவே தெரியாது. படித்த பையனுக்கும் பணக்காரப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆனதா என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

கொட்டகை இரண்டாகப் பிரிந்தது. பெண்கள் பக்கம், அது எல்லப்பன்தான். ஆண்கள் பக்கம், இல்லை. அவன் தம்பி தேசப்பன் ஆண்களின் கட்சித் தலைவன்.

"எங்கண்ணன எனக்குத் தெரியாதா? அது யாரோ மயிலாப்பூர்க்காரன்!"

"திருக்கை முள்ளு குத்துன காலுய்யா அது! இடது காலு எட்டு வெக்கும்போது ஒரு வெட்டு வெட்டுது பாரு," என்று பெண்கள் பக்கத்திலிருந்து கூச்சல்.

"மணல்ல நடந்தா உங்கப்பனுக்கும் வெட்டும்!"

சிரிப்பு. அடுத்த ரீல்.

ஆனால் தேசப்பன் கெட்டவன் இல்லை. ஒரு மத்தியானம் தனியாக வந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "நைனா, தண்ணியில கெடக்குறவனுக்கு ஒரு பிடி சோறு வெக்க வுட மாட்டேன்றா அண்ணி. என் கனாவுல வந்து, பசிக்குதுடான்றான். உன் படம் எனக்கு ரொம்ப பேஜாரா கீது."

குப்பத்துப் பெரியவர்கள் வந்தார்கள். அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார்கள். எல்லாரும் நிதானமாகப் பார்த்து ஒரு முடிவுக்கு வரட்டும் என்றார்கள்.

இது உங்களுக்குத் தெரிந்த விஷயம், அவர்களுக்குத் தெரியாது. மெஷினுக்குள் எரிகிற கார்பன் வெளிச்சத்தின் முன் படச்சுருள் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் உயிரோடு இருக்கும். நின்றால் பொசுங்கும். நடுவில் ஒரு பழுப்புப் பூ பூத்து, விரிந்து, முகத்தைத் தின்றுவிடும். எங்கள் ஆப்பரேட்டர் தாஸ் சொல்லிவிட்டார்: "நிறுத்தறேன். ஆனா அப்பால அந்த ஆளு இருக்க மாட்டாரு. கொட்டகையும் இருக்காது. சரியா?" பெரியவர்கள் சரியில்லை என்றார்கள்.

வேறு வழி ஒன்று சொன்னேன். பகலில், பெட்டியிலிருந்து அந்த ரீலை எடுத்து, தேவையான இடம் வரை பிரித்து, சூரியனுக்கு எதிரே தாஸ் பிடித்துக்கொள்ள, கடிகாரக்காரரிடம் வாங்கி வந்த பூதக்கண்ணாடியைச் செங்கேணி கையில் கொடுத்தேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். ஒரு கட்டம், அடுத்த கட்டம், அடுத்த கட்டம். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இதுல இல்ல."

"அதே ரீல்தாம்மா."

"இதுல யாரோ நின்னுகினு கீறாங்க, எறும்பு மாரி. எங்கூட்டுக்காரரு நடந்தாத்தான் அவரு."

நானும் பார்த்தேன். கறுப்பாக ஒரு புள்ளி, அதற்குக் கால் போல ஒன்று. அதுவரை அது எல்லப்பன் என்றோ இல்லை என்றோ எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகு அதுவும் போயிற்று.

படம் மறுநாளோடு கடைசி. பெட்டி வெளியூருக்குப் போக வேண்டும். பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்: படம் போகும்வரை பார்ப்போம், பிறகு சடங்கு, செங்கேணி சம்மதித்தாலும் சரி, அழுதாலும் சரி. அவள் சம்மதிக்கவில்லை. படம் போகிற ஊருக்குத் தானும் போவேன் என்றாள். மீன் எங்கேயும் விற்கலாம் என்றாள்.

கடைசி நாள் மத்தியானம் தேசப்பன் நாலு ஆளோடும் ஒரு சுமை கயிற்றோடும் வந்து நின்றான்.

"இன்னா தேசா, கொட்டகையப் பிரிக்க வந்தியா?" என்றேன்.

"உன் துணியக் கட்ட வந்தேன். எப்பிடித் தொங்குது பாரு, கலீஜா. காத்துல ஆடுது, மூஞ்சி ஒண்ணும் தெரியல. இன்னிக்கு ஒரு நாளாவது அண்ணி நல்லா பாக்கட்டும். பாத்துட்டு, அவன் இல்லன்னு தெரிஞ்சிக்கட்டும்."

எங்கள் திரையின் கடல்பக்க ஓரம் உப்புக் காற்றில் வாழைச் சருகு போல உள்ளே சுருண்டிருக்கும். படத்தின் ஒரு முழம் அந்தச் சுருட்டலுக்குள் விழுந்து வீணாகும். அதற்கு நாங்கள் பழகிப்போயிருந்தோம். அவர்கள் அதை அவிழ்த்து, ஓரம் முழுக்கக் கயிறு கோத்து, கட்டுமரத்தில் பாய் கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டினார்கள். விரலால் சுண்டினால் தமுக்குப் போல ஒலித்தது. தாஸ் வந்து பார்த்து, "படம்தான் ரெண்டாம் தரம், திரை முதல் தரம்" என்றார்.

முதல் ஆட்டம். குப்பத்தில் நடக்க முடிந்தவர்கள் பூராவும் வந்திருந்தார்கள். சாயபும் வந்து நாற்காலியைப் பெண்கள் பக்கத்துத் தடுப்புக்கு அருகில் போட்டு உட்கார்ந்திருந்தார்; பழக்கத்தில் வாளியையும் பக்கத்தில் வைத்திருந்தார். தேசப்பன் உட்காரவில்லை. திரையின் கடல்பக்கக் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தான். காற்றுக்குத் தன் முடிச்சு தாங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது ரீல். பணக்காரப் பெண் அழுதாள். வலை வந்தது. வடம் வந்தது. செங்கேணி நிமிர்ந்தாள். காட்சி போயிற்று.

"ஒன்ஸ்மோர்!"

கம்பத்தடியிலிருந்து. தேசப்பன் குரல். உடைந்த குரல்.

எங்கள் கொட்டகையில் ஒன்ஸ்மோர் உண்டு. நல்ல பாட்டு, நல்ல டான்ஸ் வந்தால் ஜனம் கத்தும். ரீலைத் திருப்பிச் சுற்றி மறுபடி போடுவோம். வலை இழுப்பதற்கு யாரும் கேட்டதில்லை.

"இன்னாடா தேசா, வலைக்கு ஒன்ஸ்மோரா? நாளைக்குக் காலையில கரைக்கு வா, ஓசியிலயே காட்றேன்!"

"வந்து நீயும் ஒரு கை புடி!"

"போடுய்யா! ஒன்ஸ்மோர் போடுய்யா!" அவன் சிரிக்கவில்லை.

கம்பெனி ஆள் என் தோளைத் தொட்டார். அடி வாங்கின சுருள், இழுத்தால் அறுந்துபோகும், பாதியில் திருப்பக்கூடாது என்றார். நியாயம்தான். நான் தேசப்பன் முகத்தைப் பார்த்தேன். அங்கே என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. பயமா, சந்தோஷமா? தாஸுக்குக் கையைக் காட்டினேன்.

விளக்கு எரிந்தது. ரீல் திரும்பிச் சுற்றுகிற கரகர சத்தம். அந்தச் சத்தத்தில் ஜனம் தானாகவே அடங்கிவிட்டது. மறுபடி இருட்டு. மறுபடி பணக்காரப் பெண். வலை. வடம். தேசப்பன் கையை நீட்டித் திரையின் ஓரத்தில், அன்றைக்குத்தான் வெளியே வந்திருந்த அந்த ஒரு முழத்தில், விரலை வைத்தான். விரலின் நிழல் வெளிச்சத்தில் பெரிதாக விழுந்தது. வடத்தின் கடைசி நுனியில், இடுப்பில் சுற்றிப் பிடித்தபடி, தலைத்துண்டோடு ஒரு கிழவர். காட்சி முடிகிற கணத்தில் யாரையோ அதட்டுவது போல முகத்தைத் திருப்பினார்.

"அப்பா," என்றான் தேசப்பன்.

நான் செங்கேணியைப் பார்த்தேன். அத்தனை நாளும் புருஷனை விட்டு அந்தண்டை போகாத கண், முதல் தடவையாக நகர்ந்து, அந்த விரல் போன இடத்துக்குப் போயிருந்தது. கிழவர் அவள் மாமனார். மகன் கடலுக்குப் போவதற்கு முந்தின வருஷமே செத்தவர். அவர் அந்த வடத்தைப் பிடித்திருக்கிறார் என்றால், பக்கத்தில் வெட்டி வெட்டி நடப்பவன் அவர் மகன்தான். அவர் பிடித்திருக்கிறார் என்றால், அது புயலுக்கு முந்திய ஏதோ ஒரு காலை. அவளுக்குப் புருஷன் கிடைத்ததும் போனதும் ஒரே மூச்சில்.

ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. கடல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. தாஸ் ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, "அடுத்த ரீல் போடவா?" என்றார்.

தம்பிகளே, சுருள் அறுந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். மழை வந்தால், சண்டை வந்தால், போலீஸ் வந்தால் தெரியும். அந்த ஒரு கேள்விக்கு என்னால் ஆமென்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாமென்றும் சொல்ல முடியவில்லை. மணலில் உட்கார்ந்திருந்தவள்தான் சொன்னாள்.

"போடு நைனா. மீதி இன்னாதான்னு பாத்துர்றேன்."

கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள். படித்த பையன் பேசினான். பணக்காரப் பெண்ணின் அப்பா மனம் மாறினார். கல்யாணம் ஆயிற்று. ஜனம் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வெளியேறியது. வாசலில் நிற்கிற மேனேஜர் என்ன கேட்பார்? வருஷக்கணக்கில் வாயில் ஊறிப்போன கேள்வி. அதுவே வந்துவிட்டது.

"படம் எப்படிம்மா இருந்தது?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபிக்கவில்லை. யோசித்தாள்.

"ஒண்ணியும் நல்லால்ல நைனா. அல்லாரும் பேசிக்கினே கீறாங்க. அவங்க ரெண்டு பேருதான் வேல பாத்தாங்க."

பின்னாலேயே தேசப்பன் ஓடிவந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நைனா, நாளைக்கு ஒரு நாள் ஓட்டு நைனா. அப்பனுக்கு ஒரு போட்டோகூட இல்ல. எங்கம்மாவக் கூட்டியாரணும். மொதலாளிகிட்ட சொல்லு."

சாயபு எழுந்து வந்து, ஓட்டலாம், கம்பெனியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். செங்கேணி கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாணாம் தேசா. பொட்டி போவட்டும். நாளைக்குக் காலையில கரைக்கு வந்துடு. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடு. சோறு நான் ஆக்கிக் கொண்டாறேன்."

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் பெட்டி ரயிலேறியது. அடுத்த படத்துக்கு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். படத்தின் பெயரை எழுதினேன், ஆட்ட நேரத்தை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. சாயபு தாளை வாங்கிப் பார்த்தார். "இன்னா தம்பி, பேரும் நேரமும் மட்டும் கீது? கல்யாணப் பத்திரிகையா?" என்றவர், என் பேனாவை வாங்கி, 'புத்தம் புதிய காவியம்' என்று தானே கோணல்மாணலாக எழுதி அச்சுக்கு அனுப்பினார். அவர் எழுதியதும் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தப் படம் மோசமான படம். அதில் ஒரு கொட்டாவி நேரத்துக்கு, எடுத்தவனுக்கே தெரியாமல், ஒரு அப்பனும் மகனும் வலை இழுத்தார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது? படத்துக்கு வைப்பதா, அந்தக் கொட்டாவி நேரத்துக்கு வைப்பதா? நாங்கள் எல்லாரும் அவள் காட்டின ஆளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்தவரைப் பார்க்க ஒருவன் தன் முடிச்சைப் பார்க்க வேண்டியிருந்தது. நம் நோட்டீசும் அப்படி ஒரு விரல்தானோ? இதைப் பார், அதைப் பார்க்காதே என்று? தெரியவில்லை.

வருஷங்கள் கழித்துப் பொன்னேரிப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, அங்கே ஒரு கொட்டகையில் அதே படம். அடி வாங்கி, மழை பெய்கிற மாதிரி கோடு கோடாக ஓடியது. டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். ஐந்தாவது ரீல் வந்தது. வலை வந்ததும் பாதி ஜனம் பீடி பற்றவைத்தது, சிலர் வேர்க்கடலைக்காரனைக் கூப்பிட்டார்கள். அந்தத் திரை ஓரத்தில் சுருண்டிருந்தது, கிழவர் இல்லை. எல்லப்பன் மட்டும் இடது காலை வெட்டி வெட்டிப் பின்னால் நடந்துகொண்டிருந்தான்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏனென்று கேட்காதீர்கள்.

"குந்துய்யா, மறைக்குது," என்றார் பின்னால் இருந்தவர்.

உட்கார்ந்தேன்.